தாசேக் கெலுகோரில் உறைபனி

காற்று வீசாத நேரமும் ஓர் அளவீடுதான். அந்த நேரத்துக்குரிய கட்டத்தில் பூச்சியம் என்று எழுத வேண்டும். காலியாக விடக் கூடாது. கருவி பழுதானால் மட்டும் காலியாக விடலாம். அப்போதும் பழுது இன்னதென்று ஓரத்தில் குறித்து, கையொப்பமிட்டு, மேலதிகாரியிடம் காட்ட வேண்டும்.

வானிலை பதிவு செய்யும் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லித்தந்த விதி இது. ஓய்வு பெறும்வரை நான் அதை மீறவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. எங்களில் யாருமே மீறவில்லை, ஏனென்றால் மீறினால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. காற்றிலிருந்து ஏதாவது கிடைக்கலாம் என்ற எண்ணம் பினாங்கில் அப்போது ஒருவருக்கும் வரவில்லை.

தீவுக்கு எதிர்க்கரையில், பெருநிலத்தில் இருந்த சிறு நிலையங்களுக்கு என்னை வேனில் ஏற்றிக்கொண்டு போன ஓட்டுநர் ஒருவர் இருந்தார். என்னைவிட ஆறு வயது இளையவர். இருபது ஆண்டுகள் ஒன்றாகச் சுற்றினோம். நான் பதிவேட்டைத் திறப்பதற்குள் அவர் வேனை விட்டு இறங்கி, ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்து, புகை போகும் திசையைப் பார்ப்பார். பெரும்பாலும் அது எங்கேயும் போகாது. அவர் தலைக்கு மேலேயே நிற்கும்.

"இன்னிக்கும் முட்டை சார். எழுதிட்டு வாங்க, பசிக்குது" என்பார்.

நான் கருவியைப் பார்ப்பேன். முட்டைதான் இருக்கும். அவருடைய புகையும் என் கருவியும் முரண்பட்டதாக எனக்கு நினைவில்லை.

அவருடைய மனைவி தாசேக் கெலுகோர் பக்கம் பனையெண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பெயரைச் சொல்லத் தேவையில்லாத தோட்டம். வேலை போன பிறகும் லயத்து வீட்டிலேயே இருந்துகொள்ள நிர்வாகம் விட்டுவிட்டது. அந்த வரிசையில் ஏழு வீடுகள். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், முதலில் அந்த அம்மாவின் ஒரு கண்ணை எடுத்தது, இரண்டு ஆண்டுக்குள் மற்றதையும் எடுத்தது. ஓட்டுநர் ஓய்வு பெறும்போது அந்த அம்மாவுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை.

ஆனால் அந்த வீட்டுக்குள் அவரைப் பார்க்கிற யாரும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. முப்பது ஆண்டுகள் புழங்கிய வீடு. கட்டிலிலிருந்து அடுப்புக்குப் பதினொரு அடி. அடுப்பிலிருந்து பின்கதவுக்கு நான்கு. பின்கதவிலிருந்து குழாய் வரை துணி காயப்போடும் கயிறு. அதன்மேல் ஒரு விரலை வைத்தபடி நடப்பார். மீன் பொரிப்பார், எண்ணெய் சிந்தாது. கணவர் உதவிக்குக் கையைப் பிடித்தால் திட்டு விழும்.

"நான் என்ன குருடியா, கையப் புடிக்கிறீங்க?" என்று ஒரு நாள் என் முன்னாலேயே கேட்டார்.

"இல்ல தாயே, நான்தான் குருடன்" என்றார் ஓட்டுநர்.

இந்த வீடுதான் இந்தக் கதை. வேறொன்றும் இல்லை.

ஓர் ஆண்டு அந்த வரிசைக்குப் பின்னால், மரங்களை வெட்டிச் சமன்படுத்திய இடத்தில், ஒரு கம்பெனி உயரமான இரும்புக் கம்பம் நட்டது. நான்கு புறமும் கம்பிகள் இழுத்துக் கட்டி, உச்சியில் சுழலும் கிண்ணங்கள் வைத்தார்கள். காற்றாலை போடுவதற்கு இந்த நிலத்தில் காற்று போதுமா என்று பன்னிரண்டு மாதம் அளக்கப்போவதாகச் சொன்னார்கள். செய்ய வேண்டிய முறையும் அதுதான். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். கிண்ணங்கள் அசையவில்லை. நல்ல கருவிதான்.

அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்:

"அண்ணே, காத்தடிச்சா இந்தக் கம்பி ஊஊன்னு பாடும். மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு கொஞ்ச நேரம் பாடுது. அப்புறம் மறுநா வரைக்கும் பேச்சே இல்ல. இத அளக்க ஒரு வருஷமா?"

அந்த ஆய்வின் முழு முடிவும் அதன் முதல் மூன்று வாக்கியத்தில் இருந்தது. கடல் காற்று பிற்பகலில் அவ்வளவு தூரம் உள்ளே வந்து சேரும்போது களைத்திருக்கும். இரவு முழுவதும், காலை பத்து மணி வரையிலும், மூச்சுவிடாது.

பன்னிரண்டு மாதம் முடிந்தது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஓட்டுநர் பஸ் பிடித்து, ஃபெரி ஏறி, சுங்கை பினாங்கில் என் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் பையில் ஒரு நோட்டீஸ். காற்று போதுமான அளவு இருப்பது உறுதியாகிவிட்டதாம். காற்றாலையைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குக் குடியிருப்பு இருக்கக் கூடாதாகையால் ஏழு வீடுகளும் காலியாக வேண்டும். பதிலுக்கு அரசாங்க மலிவு அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இடம். ஆய்வறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் மாத இறுதிக்குள் தெரிவிக்கலாம்.

காப்பியைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

"சார், வருஷக்கணக்கா காத்து எழுதுனவரு நீங்க. அங்க காத்து இருக்கா?"

"இல்லப்பா."

"எனக்கும் தெரியும். உங்க வாயால கேக்கலாம்னு வந்தேன்." பிறகு சொன்னார்: "அவளக் கொண்டுபோயி மூணாவது மாடியில வச்சா, அவ அடுத்த நாளே கெழவியாயிடுவா சார். இங்க அவ ராணி."

மறுநாள் இருவரும் பெருநிலத்தில் நோட்டீஸ் அனுப்பிய அரசாங்க அலுவலகத்துக்குப் போனோம். அறிக்கையை அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். கவுண்டரில் நம்மவர் பெண் ஒருத்தி இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும்.

"அங்கிள், ஃபோட்டோ எடுக்கக் கூடாது லா. எழுதிக்கலாம்" என்று கனமான அந்தப் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தாள். "சம்மரி முன்னாடியே இருக்கு, நாலு பக்கம்."

"எனக்குப் பின்னிணைப்பு வேணும்மா."

"அப்பெண்டிக்ஸா? அது வரைக்கும் யாரும் போனதில்ல அங்கிள்."

அது உண்மை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

ஓட்டுநரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மூன்று மணி நேரம் படித்தேன். அளந்தவர்கள் ஒழுங்காகத்தான் அளந்திருந்தார்கள். கோளாறு அளந்த பிறகு நடந்தது. மொத்த மணிகளில் பாதிக்கு மேல் "நீக்கப்பட்டவை" என்ற தலைப்பில் தனி அட்டவணையாகப் போயிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். அந்த எண்ணுக்கு விளக்கம் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. நீக்கக் காரணம்: ஐசிங். அதாவது உறைபனி.

நான் அந்த அமைதியான அறையில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காவலாளி திரும்பிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். குளிர் நாடுகளில் கிண்ணங்களின்மேல் பனி உறைந்து அவை சுழலாமல் நின்றுவிடும். காற்று வீசிக்கொண்டிருக்கும், கருவி பூச்சியம் காட்டும். ஆகவே தொடர்ந்து பல மணி நேரம் பூச்சியம் வந்தால் அதைப் பழுதாகக் கருதிக் கழித்துவிடும்படி அந்த நாட்டவர்கள் தங்கள் கணினி நிரலில் எழுதி வைத்திருந்தார்கள். அவர்கள் ஊருக்கு நியாயமான விதி. வெப்பநிலையையும் பார்த்துவிட்டுத்தான் கழிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. இந்தக் கம்பத்தில் வெப்பமானி பொருத்தப்படவில்லை. செலவு மிச்சம். நிரல் குளிரா வெயிலா என்று கேட்க ஆளில்லாமல், காற்று வீசாத ஒவ்வோர் இரவையும் ஒவ்வொரு காலையையும் பனி என்று முடிவுகட்டித் தள்ளியிருந்தது. மிஞ்சியவை பிற்பகல்கள். வகுப்பில் தேறாத பிள்ளைகளையெல்லாம் வரவில்லை என்று குறித்துவிட்டு, மற்றவர்களின் சராசரி மதிப்பெண்ணை அறிவித்தது போல.

கீழே நான்கு பேர் சரிபார்த்துக் கையொப்பமிட்டிருந்தார்கள். நான்கு பேரும் இந்த ஊரில் வியர்வை துடைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள்.

வெளியே வந்து ஓட்டுநரிடம் விளக்கினேன்.

"ஐஸா? நம்ம தோட்டத்துலயா? சார், அங்க ஐஸ் கச்சாங் வண்டிகூட வராது."

நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

நான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கவுண்டர் பெண் ஒரு தாளை நீட்டினாள். "அங்கிள், ஆட்சேபம் இருந்தா இந்த ஃபாரம் நிரப்பிக் குடுத்துட்டா போதும். இங்கயே சோப் அடிச்சு, முத்திரையோட தந்துடறேன்."

வாங்கிப் பார்த்தேன். பெயர், அடையாள அட்டை எண், முகவரி. "ஆட்சேபத்துக்கான காரணம்" என்ற இடத்தில் நான்கு கோடுகள். ஒரு நிரலின் வடிகட்டும் முறையில் உள்ள பிழையை, அது சராசரியை எவ்வாறு உயர்த்துகிறது என்பதை, நான்கு கோட்டில் எழுதச் சொன்னார்கள். மாடு வேலி தாண்டி வந்துவிட்டது என்று புகார் எழுதலாம், அவ்வளவுதான் இடம்.

"இதுல அடங்காதும்மா" என்று மேசையிலேயே வைத்துவிட்டேன்.

பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது ஓட்டுநர் தயங்கித் தயங்கிப் பேசினார். "சார், வர்ற ஞாயித்துக்கிழமை கோயில்ல அன்னதானம். ஒய்.பி. வர்றாரு. நேரா அவருகிட்ட சொல்லிடலாமா? ஐஸுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், அவரே சிரிச்சுடுவாரு."

ஒய்.பி. என்றால் எங்கள் சட்டமன்ற உறுப்பினர்.

"வேணாம்" என்றேன். "இது தொழில்நுட்பப் பிழை. யாரு தயாரிச்சாங்களோ அவங்களுக்குத்தான் மொதல்ல காட்டணும். அவங்களே திருத்திப்பாங்க. அரசியல்வாதிகிட்ட போனா மொறச்சுக்குவாங்க. அப்புறம் பிழையக் காப்பாத்தத்தான் பாப்பாங்க."

"அந்த ஃபாரமாவது நான் ஒண்ணு போட்டு வைக்கட்டுமா? நாலு வரிதானே."

"நீ ஒண்ணு எழுதி, நான் ஒண்ணு எழுதினா கொழப்பம். என்கிட்ட விட்டுடு."

விட்டுவிட்டார். இருபது ஆண்டு அவர் வண்டியை நான் நம்பினேன், என் எழுத்தை அவர் நம்பினார்.

மூன்று நாள் எடுத்துக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம், மூன்று பிரதி, இணைப்புகள் இரண்டு. திட்டத்துக்கு அனுமதி தரும் குழுவுக்கு முகவரியிட்டு, அதன் கீழே முறைப்படி "வழியாக" என்று போட்டு, அறிக்கையைத் தயாரிக்க வைத்த பிரிவின் தலைவர் பதவியைக் குறிப்பிட்டேன். அரசாங்கத்தில் ஒரு கடிதம் மேலே போக வேண்டுமானால் நடுவில் இருப்பவரைத் தாண்டிப் போகக் கூடாது. ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டு ஆகியும் என் கை அப்படித்தான் எழுதியது. அந்தக் கடிதத்தை இன்று படித்தாலும் ஒரு வார்த்தையை மாற்றத் தோன்றாது. பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதினான்கு வேலை நாளில் பதில் வர வேண்டும் என்பது ஒழுங்கு.

தீபாவளி போயிற்று. பதினான்கு நாள் போயிற்று. தொலைபேசியில் கேட்டபோது "பரிசீலனையில் உள்ளது" என்றார்கள். நான் அந்த வாக்கியத்தை எத்தனையோ பேருக்குச் சொன்னவன். அதன் பொருள் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டிசம்பரில் நேரில் போனேன். அதே பெண் கணினியில் தேடினாள்.

"அங்கிள், குழு போன வாரமே கூடிடுச்சு. பாஸ் ஆயிடுச்சு."

"என் கடிதம்?"

மறுபடி தேடினாள். "இருக்கு. ஆனா ஆட்சேப ஃபைல்ல இல்ல. டெக்னிக்கல் ஃபைல்ல இருக்கு. 'வழியாக'ன்னு போட்டிருக்கீங்கல்ல, அதனால டிபார்ட்மெண்ட்டுக்குள்ள எழுதுன லெட்டர்னு எடுத்துக்கிட்டாங்க. அந்தப் பிரிவுக்கே கருத்துக் கேட்டு அனுப்பியிருக்காங்க."

"ஆட்சேப ஃபைல்ல என்ன இருக்கு?"

திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "இல்லை" என்று ஒரே சொல். ஏழு குடும்பத்தில் ஒருவர்கூட எழுதவில்லை. ஓட்டுநர் மற்ற ஆறு வீட்டுக்கும் போய், சார் பார்த்துக்கொள்கிறார், யாரும் எதையும் எழுதிக் கெடுத்துவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அன்னிக்கே அந்த ஃபாரம் போட்டிருக்கலாம் அங்கிள். ஒரு ஆட்சேபம் வந்தாலும் விசாரணை வைக்காம பாஸ் பண்ண முடியாது."

அது விதி. எனக்குத் தெரிந்த விதி.

தைப்பூசம் முடிந்த வாரம் லாரி வந்தது. நானும் போயிருந்தேன்; சாமான் ஏற்ற உதவினேன் என்று சொல்லலாம், உண்மையில் நிழலில் நின்றேன். அந்த அம்மா எல்லாம் ஏற்றும்வரை பின்கட்டில் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியாகக் கணவர் வந்து கையைப் பிடித்தார். திட்டவில்லை. கையைக் கொடுத்துவிட்டு நடந்தார்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்தது, லிஃப்ட் இருந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. வீடு பழைய வீட்டைவிட நல்ல வீடு என்பதையும் சொல்லியாக வேண்டும். தரையில் ஓடு, உள்ளேயே கழிப்பறை, ஜன்னலுக்குக் கண்ணாடி. நான் முதல் முறை போனபோது அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணே, இங்க காத்து நல்லா வருது" என்றார்.

குற்றம் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, நிஜமாகவே காற்று வருவதைத்தான் சொன்னார்.

அடி எண்ணிப் பழகிவிடலாம் என்று முயன்றிருக்கிறார். கட்டிலிலிருந்து அடுப்புக்கு ஏழு. ஆனால் குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஓர் அங்குலத்துக்குக் கட்டிய மேடு இருந்தது. பழைய வீட்டில் அப்படி ஒன்று கிடையாது. நான்காவது வாரம், ஓட்டுநர் மீன் வாங்கப் பாசாருக்குப் போயிருந்த நேரம், அதில் கால் இடறி விழுந்தார். இடுப்பு எலும்பு. அந்த உடம்பில் இனிப்புநீரோடு அறுவை செய்வதற்கு டாக்டர்கள் யோசித்தார்கள், பிறகு செய்தார்கள். எழுந்து நடக்கவில்லை.

மருத்துவமனை நடைபாதையில் ஓட்டுநர் என்னிடம் பேசினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் ஏதாவது பதில் சொல்ல வந்திருக்கும்.

"நாலு பக்கம் எழுதுனீங்க சார். எனக்குப் படிச்சும் காட்டுனீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு நாலு வரிதான் வரும். 'என் பொண்டாட்டிக்குக் கண்ணு தெரியாது, அவளுக்கு இந்த வீடுதான் கண்ணு'ன்னு எழுதியிருப்பேன். ரெண்டு வரியிலயே முடிஞ்சிருக்கும்."

"தப்புதான்ப்பா."

"அதுக்கும் ஏதாச்சும் ஃபாரம் இருக்கா சார்?"

அதற்குப் பிறகு அவர் என் தொலைபேசியை எடுப்பதில்லை. நானும் வாரத்துக்கு ஒரு முறைதான் அடிக்கிறேன், செவ்வாய்க்கிழமைகளில். அந்த அம்மா படுக்கையில் இருக்கிறார் என்று பழைய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சொன்னார். சமையல் ஓட்டுநர்தான். எண்ணெய் சிந்துகிறதாம்.

ஜூன் மாதம் தனியாக அந்தத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஏழு வீடுகள் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் ஒரே வரிசையாகக் கிடந்தது. வீடு இவ்வளவு சிறியதா என்று தோன்றியது. கம்பத்தைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். காற்றாலைக்கான அறிகுறி ஒன்றும் இல்லை. வேலி போட வந்திருந்த ஒருவரைக் கேட்டேன். "காத்தாடியா? அதெல்லாம் கேன்சல் லா அங்கிள். காசு போடுற ஆளுங்க வெளிநாட்டுலேருந்து வந்து அவங்களே ஒருக்கா கணக்குப் பாத்தாங்களாம். காத்து பத்தலையாம்" என்றார். இப்போது அங்கே என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது. வேலி போடச் சொன்னார்கள், போடுகிறார். தலைக்கு மேல் செம்பனை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. மணி காலை ஒன்பதரை.

பதில் வந்தது. சாதாரணத் தபால், ஒரே பக்கம், இரண்டு பத்தி. தங்கள் கடிதம் உரிய பிரிவின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. காற்று வீசாத மணிகளைப் பூச்சியமாகவே கணக்கில் கொண்டிருக்க வேண்டும் என்ற தங்கள் கருத்து சரியானது. அறிக்கையின் பின்னிணைப்பு அவ்வாறே திருத்தப்பட்டுள்ளது. திட்டம் கைவிடப்பட்டுவிட்டதால் மேல் நடவடிக்கை தேவைப்படவில்லை. தாங்கள் காட்டிய அக்கறைக்கு நன்றி.

இரண்டு முறை படித்தேன். பிழை எதுவும் இல்லாத கடிதம். ஒரு பிரதி எடுத்து ஓட்டுநருக்கு அனுப்பலாமா என்று மேசையில் உட்கார்ந்து யோசித்தேன். உறையில் முகவரி எழுதும்போது என் கை அவருடைய பழைய வீட்டு எண்ணை எழுதிவிட்டது. கிழித்துப் போட்டேன். வேறு உறை எடுக்கவில்லை. கடிதத்தின் மேல் மூலையில், வந்து சேர்ந்த எந்தக் கடிதத்திலும் செய்ய வேண்டியபடி, பெற்ற தேதியைக் குறித்தேன்: ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை.